மூணு எண்ணி ரெண்டில் குத்துகிறவன்

ஊசி என்றால் எனக்குப் பயம். இதை நான் வெளியே சொல்வதில்லை. பதினேழு வருஷமாக என் பிழைப்பே அடுத்தவர்களுக்கு ஊசி போடுவதுதான். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியில், எமர்ஜென்சி பிரிவில் ஆண் நர்ஸ். பெண் நர்ஸ்களை சிஸ்டர் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் எங்களை பிரதர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது 'பிரதர்' என்றால்கூட என் கை தானாகப் பஞ்சைத் தேடும்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் எங்கள் எல்லோருக்கும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்குப் போடுவதைப் பார்த்தே நான் விழுந்துவிட்டேன். தூக்கிப் படுக்க வைத்து, மயக்கம் தெளிவதற்குள் சந்தடி சாக்கில் எனக்கும் போட்டுவிட்டார்கள். கொஞ்சம்கூட வலி தெரியவில்லை. அருமையான முறைதான், ஆனால் நோயாளிகளை ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு மயக்கமடையச் செய்ய முடியாதே. அதனால் சீனியர் ஒருவரிடமிருந்து வேறொரு முறையைக் கற்றுக்கொண்டேன்.

மூணு எண்ணி ரெண்டில் குத்துவது.

"மூணு எண்ணுவேன், மூணுக்குத்தான் போடுவேன்" என்று முதலில் வாக்குக் கொடுக்க வேண்டும். ஆள் மூணுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ஒண்ணு. ரெண்டு. மூணு வாய்க்கு வருவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். அவர் ஏமாந்ததை உணர்ந்து கோபப்படுவதற்குள் பிளாஸ்டரும் ஒட்டியிருக்கும். இதனுடன் 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்பதையும் சேர்த்துக்கொள்வோம். எங்கள் ஊரில் இந்த இரண்டு பொய்யும் சொல்லாத நர்ஸை நான் பார்த்ததில்லை. என்ன எறும்பு என்று இதுவரை எந்த நோயாளியும் கேட்டதுமில்லை.

எங்கள் பிரிவைக் கூட்டித் துடைக்கிற ஆயாம்மாவுக்கு மட்டும் இது பிடிக்காது. "இன்னா பிரதரு, மூணுன்னு சொல்லிகினு ரெண்டுலயே குத்துற? உன்ன ரேஷன் கடையில அரிசி போட உட்டா ஜனம் இன்னா கதியாவுறது" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். பொத்தேரியில் பைக்கில் விழுந்து வாரிக்கொண்டு வரும் காலேஜ் பையன்களிடம், "நூறுல வரும்போது பயப்படல, இதுக்குப் பயப்படுறியே மச்சான்" என்பேன். அவன் சிரிக்கும்போதே குத்திவிடுவேன். எனக்கு நானே ஒரு கலைஞன் என்று நினைப்பு.

நாங்கள் போடுவது இடுப்பில் போடும் ஊசி இல்லை. ரத்தக்குழாய்க்குள் ஊசியோடு சேர்த்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஏற்றுவோம். பிறகு ஊசியை உருவிவிட்டுக் குழாயை மட்டும் உள்ளே விட்டுவிடுவோம். மருந்து எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். 'லைன் போடுறது' என்போம். தடிமனுக்கு ஒரு நிறம் உண்டு. பச்சை தடிமன், ரோஸ் நடுத்தரம், நீலம் மெல்லிசு. எமர்ஜென்சியில் இருப்பவனுக்கு ரோஸுக்குக் கீழே இறங்குவது கௌரவக் குறைச்சல்.

நான் சொல்லவந்த டீச்சர் முதல் தடவை வந்தது ஆயுத பூஜை அன்றைக்கு. பி.பி. மெஷின், வீல் சேர், ஊசி வைக்கும் தட்டு என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தோம். டெட்டால் வாசனையோடு சுண்டல் வாசனையும் கலந்து அடித்தது. பதினோரு மணி இருக்கும். தலையில் ஸ்கார்ஃப், முகத்தில் மாஸ்க், நாற்பத்தைந்து வயசு மதிக்கலாம். அஸ்தினாபுரம். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு எடுக்கிறவர். கூட வந்த கணவர் ஏதோ அரசு அலுவலகத்தில் கிளார்க். சட்டைப் பையில் பேனாவும் சின்ன நோட்டும். காய்ச்சல் எத்தனை டிகிரி, எந்த நேரத்தில் என்று நிமிஷ சுத்தமாக எழுதி வைத்திருந்தார்.

டீச்சருக்கு மார்பில் புற்றுநோய். வலது பக்கம் ஆபரேஷன் ஆகியிருந்தது. நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. கீமோ ஏறிய பிறகு உடம்பில் எதிர்ப்பு சக்தி தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் மருந்து ஏற வேண்டும், பக்கத்தில் எந்த எமர்ஜென்சி இருந்தாலும் ஓடிவிடுங்கள் என்று அவர்களுடைய டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்தது நாங்கள்.

"பிரதர், ஆபரேஷன் ஆன பக்கம், வலது கையத் தொடக் கூடாது. இடது கைல மட்டும்தான். அதுலயும் கீமோ ஏத்தி ஏத்தி நரம்பெல்லாம் கயிறாயிடுச்சு. நீலம் போடுங்க. சொல்லிட்டுப் போடுங்க. திடீர்னு போட்டா எனக்குக் கை உதறும்."

எனக்கு நிறம் சொல்லிக்கொடுக்கிற நோயாளியா? "இது என்ன புடவைக் கடையா டீச்சர், நீலம் எடுங்க, ரோஸ் எடுங்கன்னு கேக்கறதுக்கு" என்றேன். கணவர் மரியாதைக்குச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. நான் ரோஸை எடுத்தேன்.

கையைக் கட்டி, தட்டி, ஒரு நரம்பைக் கண்டுபிடித்தேன். "மூணு எண்ணுவேன். மூணுக்குத்தான் போடுவேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்க்குக்குப் பின்னால் அவர் உதடும் என்னோடு சேர்ந்து எண்ணுவது தெரிந்தது. ஒண்ணு. ரெண்டு. குத்தினேன். கை துள்ளியது. ஊசி நரம்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெல்லிக்காய் அளவுக்கு நீலமாக வீங்கியது. மணிக்கட்டில் முயற்சி செய்தேன், கிடைக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, அதுவும் போச்சு. நாலாவது தடவை எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் வந்து, என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, கட்டைவிரல் பக்கமாக நீலத்தைப் போட்டார்.

டீச்சர் சத்தம் போடவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் வழிந்துபோயிருந்தது. பிளாஸ்டர் ஒட்டி முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"மூணுன்னு சொன்னீங்களே."

"அது ஒரு டெக்னிக் டீச்சர். மூணு வரைக்கும் காத்திருந்தா பயம் ஜாஸ்தியாயிடும்."

"எனக்கு மூணு வரைக்கும் தைரியம் இருந்துது. நீங்கதான் ரெண்டுலயே வந்துட்டீங்க."

கணவரிடம் ஒரு காகிதத்தில் சுண்டலை நீட்டினேன். அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நோட்டில் 'ஊசி, 4 தடவை' என்று எழுதினார்.

நவம்பரில் நாலு நாள் விடாமல் மழை. அஸ்தினாபுரம் பக்கத்துத் தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. டீச்சரைக் கணவர் தூக்காத குறையாக இறக்கினார். காய்ச்சல் நூற்றி மூணு, பி.பி. எண்பதுக்குக் கீழே. உடம்பு அதிர்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கையைத் தொடவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்தார், டியூட்டி டாக்டர் பார்த்தார். பி.பி. இறங்கினால் நரம்பெல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ளும். கடைசியில் கழுத்தில்தான் குழாய் இறக்க வேண்டியிருந்தது. தலை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அன்றைக்கு யாரும் எண்ணவில்லை.

ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். கேன்டீன் தார்ப்பாய்க்குக் கீழே கணவர் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"மழைல லேட்டாயிடுச்சா சார்" என்றேன்.

அவர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். ஓரமெல்லாம் நனைந்திருந்தது. காலை 9.40, நூறு புள்ளி எட்டு. 11.00, நூற்றி ஒண்ணு. மத்தியானம் 1.15, நூற்றி ரெண்டு. ஒரு பக்கம் முழுக்க அப்படியே இறங்கிக்கொண்டு போனது.

"மழை இல்ல பிரதர். வர மாட்டேன்னுட்டா. அந்த பிரதர் டியூட்டில இருக்காரான்னு போன் பண்ணிக் கேளுங்கன்னா. கேட்டேன். இருக்கீங்கன்னாங்க. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறிடும், அப்புறமா போலாம்னா. ரெண்டு மணிக்கு மறுபடி கேட்டா, மழைல ஆள் வரல, நீங்களே டபுள் டியூட்டின்னாங்க." நோட்டை மூடிக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டிய மருந்து. ஒன்பது மணி நேரம் அந்த அம்மா வீட்டில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது காய்ச்சலுக்குப் பயப்படாமல், எனக்குப் பயந்து. டபுள் டியூட்டிக்கு ஒப்புக்கொண்டதற்கு மேலதிகாரி அன்றைக்கு மத்தியானம்தான் என்னைத் தட்டிக்கொடுத்திருந்தார்.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். ஆறாம் நாள் மூணாவது மாடி வார்டுக்கு மாற்றினார்கள். இன்னும் கீமோ பாக்கி இருந்தது. அடுத்த காய்ச்சல் வந்தே தீரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போதும் என்னை நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டால் கழுத்தில் குழாய் இறக்கக்கூட நேரம் இருக்காது. டியூட்டி முடிந்து, தலையைச் சீவிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க மேலே போனேன்.

"வாங்க" என்றார். "எண்ணக் கத்துக்கிட்டீங்களா?"

"கத்துக்கிட்டு இருக்கேன் டீச்சர்."

"உங்களுக்கு யாராவது இந்த மாதிரி குத்தியிருக்காங்களா?"

தடுப்பூசிக் கதையைச் சொன்னேன். மயங்கி விழுந்ததும், கிடந்தவனுக்குப் போட்டதும். அவர் சிரித்து அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கழுத்துக் கட்டு இழுத்துப் பிடித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அப்ப நீங்களும் என் ஆளுதான்."

"அடுத்த தடவை காய்ச்சல் வந்தா உடனே வந்துடுவீங்களா டீச்சர்?"

"வலிக்காம போடுவீங்களா?"

"முயற்சி பண்றேன்."

"அப்ப நானும் முயற்சி பண்றேன்" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையில், தோலை மரத்துப்போக வைக்கும் க்ரீம் ஒன்று உண்டு. கெட்டியாக வைத்து மேலே பிளாஸ்டிக்கை ஒட்டிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மட்டும் உணர்ச்சி இல்லாமல் ஆகிவிடும். அதை எமர்ஜென்சிக்குக் கேட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது ஊற முக்கால் மணி நேரம் ஆவும் பிரதர். நெஞ்சு வலின்னு வர்றவர் கைல க்ரீம் தடவி, போய் சினிமா பாத்துட்டு வாங்கன்னு அனுப்புவீங்களா? அதுக்குள்ள ஆள் போயிடும்."

"டீச்சருக்கு மட்டும்."

"முதல்ல உங்க கைல தடவிப் பாருங்க."

தடவினேன். முக்கால் மணி நேரம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் ஊசியை எடுத்தார். "மூணு எண்ணுவேன்" என்றார். ஒண்ணு, ரெண்டு. அடுத்து எனக்குத் தெரிந்தது, ஆயாம்மா ஓர் எக்ஸ்ரே கவரை வைத்து என் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"வலிச்சுதா?" சிஸ்டர் கேட்டார்.

"தெரியல. ரெண்டுலயே போட்டுட்டீங்க."

"நீங்க எல்லாருக்கும் செய்யறதுதானே."

"சோக்கா கீதுபா" என்றார் ஆயாம்மா. "ஊசி போடுறவன் ஊசியில வுழுந்து கெடக்கறான். இத்த போய் டீச்சராண்ட சொல்லு, மனசு ஆறும்."

தோல் மரத்துத்தான் இருந்தது. நான் விழுந்தது வலியால் இல்லை, ரெண்டு என்று கேட்டதும் வந்த பயத்தால்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. க்ரீமை ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு தடவினால்தானே நேரம் வீண்? வீட்டிலேயே, தெர்மாமீட்டர் நூறைத் தாண்டியதும் தடவிக்கொண்டு கிளம்பினால்? அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை வந்து, சிக்னலில் நின்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து எங்களிடம் சேர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த ரோட்டு நெரிசலால் மனித குலத்துக்கு ஒரு நன்மை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. முதல் தடவையாக ஓர் உபயோகத்தைக் கண்டுபிடித்தேன். டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "தாராளமா, தடவிக்கிட்டே வரட்டும்" என்றார் அவர், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

டீச்சர் டிஸ்சார்ஜ் ஆகும் அன்று, அவருடைய இடது கையில் இரண்டு இடத்தில் மார்க்கரால் வட்டம் போட்டேன். கணவரிடம் க்ரீமையும் ஒட்டும் பிளாஸ்டிக்கையும் கொடுத்தேன். "வட்டம் அழிஞ்சா மேலேயே திரும்பப் போட்டுடுங்க சார். தேய்க்கக் கூடாது, கெட்டியா அப்படியே வைக்கணும். மேல இத ஒட்டிடுங்க. முக்கால் மணி நேரம் கட்டாயம் இருக்கணும். இல்லன்னா பிரயோஜனம் இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். 'முக்கால் மணி நேரம் கட்டாயம்.' அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். பரவாயில்லையே, நம் பேச்சையும் ஒருவர் கோடு போட்டு எழுதிக்கொள்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. காலை பத்தரை மணிக்கு வந்தார்கள். டீச்சர் இடது கையை மருதாணி வைத்தவர் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தார். கையில் இரண்டு பிளாஸ்டிக் சதுரம் பளபளத்தது. கணவர் நோட்டைக் காட்டினார். 9.35, நூறு புள்ளி ஆறு. 9.40, க்ரீம், கிளம்பினோம். 10.28, ஆஸ்பத்திரி. "குரோம்பேட்டைலேருந்தே ஜாம்" என்றார், ஏதோ சாதித்தவர் மாதிரி.

ரப்பர் கையுறையில் வெந்நீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, அவர் கைமேல் வைத்தேன். சூடு பட்டால் நரம்பு கொஞ்சம் எழும்பும். "என்ன இது, பால் கறக்கப் போறீங்களா?" என்றார் டீச்சர். கையுறையின் ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் வேறெதுவும் தோன்றாதுதான். நீலத்தை எடுத்து அவருக்குக் காட்டினேன்.

"மூணு எண்ணட்டுமா டீச்சர்?"

"வேணாம். உங்க கணக்கு எனக்குத் தெரியும். நானே எண்றேன்."

ஒண்ணு என்றார். ரெண்டு என்றார். ஒரு கண்ணை மட்டும் திறந்து என் கையைப் பார்த்தார். ஊசி தோலுக்கு மேலே, அசையாமல் இருந்தது. வேண்டுமென்றே இழுத்தடித்தார். ஒண்ணாம் வகுப்பில் யாரோ ஒரு வால் பையனைப் பெஞ்சில் நிற்கவைத்துவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பின்னால் ஆயாம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு நின்றார்.

"மூணு."

போட்டேன். ஊசியின் பின்புறக் குப்பியில் ரத்தம் வந்து எட்டிப் பார்த்தது. ஊசி நரம்புக்குள் போய்விட்டது.

"போடுங்க" என்றார் டீச்சர்.

"போட்டாச்சு டீச்சர்."

குனிந்து பார்த்தார். "நூத்துக்கு எம்பது."

"மிச்சம் இருபது?"

"அது ஆயுத பூஜைக்கு."

அடுத்த சில வாரம் நான் தரையில் நடக்கவில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம் க்ரீம் கதையைச் சொன்னேன். நாவலூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நண்பனுக்கு போன் போட்டு, அரை மணி நேரம் ஜி.எஸ்.டி. ரோட்டின் மருத்துவ குணங்களை விளக்கினேன். "எங்களுக்கு ஓ.எம்.ஆர். ரோடு கீது மச்சான், அந்த ஜாமுக்கு ரெண்டு டியூப் பத்தாது" என்றான்.

பொங்கல் அன்றைக்கு எனக்குக் காலை டியூட்டி. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். வாசலில் கரும்பு கட்டியிருந்தது. ஜி.எஸ்.டி. ரோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறிச்சோடிக் கிடந்தது. நடு ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது, அதை எழுப்ப ஒரு ஹாரன்கூட இல்லை. அதைப் பார்த்து நானும் ஆயாம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கார் வேகமாக வந்து திரும்பியது.

டீச்சருடைய முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பட்டுப் புடவை. இடது கையில் இரண்டு பிளாஸ்டிக் சதுரம், ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது. பி.பி. மெஷின் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு எண் காட்டாமல் நின்றுவிட்டது. கட்டிலில் போட்டு, பிளாஸ்டிக்கைப் பிரித்து, க்ரீமைத் துடைத்தேன். வட்டத்தைக் கணவர் மறுபடி பேனாவால் போட்டிருந்தார். நரம்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவி ஒன்றைப் பிடித்தேன்.

"டீச்சர், நீலம்தான். நீங்க எண்ணுங்க."

உதடு அசைந்தது. "ஒண்ணு."

நான் ரெண்டுக்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, இரண்டு மூச்சு இருக்கலாம். எமர்ஜென்சியில் அது ரொம்ப நேரம். "என்ன பிரதர் பாத்துக்கிட்டு நிக்கறீங்க" என்று டாக்டர் அதட்டினார். ரெண்டு, மூணு என்று நானே சொல்லிவிட்டுப் போட்டேன். முதல் தடவையிலேயே போனது. என் பதினேழு வருஷத்தில் அவ்வளவு கெட்ட நரம்பில் அவ்வளவு சுத்தமாக நான் போட்டதில்லை.

"வலிச்சுதா டீச்சர்?"

"வலிக்கல" என்றார். தெளிவாகச் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது.

மருந்து ஏறியது. மேலே கொண்டுபோனார்கள். அடுத்த நாள் மத்தியானம் டீச்சர் இறந்துபோனார்.

ஃபைலில் கையெழுத்து வாங்கும் இடத்தில் கணவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமலே நோட்டைப் பிரித்து என் மடியில் வைத்தார். நேரத்தைத் தேதியோடு எழுதுகிற பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை. 8.05, நூற்றி ஒண்ணு. 8.10, க்ரீம். 8.55, கிளம்பினோம். 9.07, ஆஸ்பத்திரி.

நான் 8.10ஐப் பார்த்தேன். 8.55ஐப் பார்த்தேன்.

"ரோடு காலியா இருந்துது பிரதர்" என்றார். "பன்னெண்டு நிமிஷத்துல வந்துடலாம்னு தெரியும். அதான், முக்கால் மணி நேரத்த வீட்லயே முடிச்சுட்டுக் கிளம்பினோம். நல்லாத்தான் இருந்தா. சோபாவுல உக்காந்து, கைய தலகாணி மேல வச்சுக்கிட்டு, பக்கத்து வீட்ல பொங்கல் பொங்குறத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருந்தா. பத்து நிமிஷம் ஆச்சா, இருவது நிமிஷம் ஆச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நாப்பது நிமிஷம் ஆவுறப்பதான் ஒரு மாதிரி சாஞ்சா."

"நீங்க கட்டாயம்னு சொன்னீங்கல்ல. நான் சரியாத்தானே பண்ணினேன்?"

டாக்டர் 'தடவிக்கிட்டே வரட்டும்' என்றுதான் சொன்னார். 'கட்டாயம்' நான் சேர்த்தது. இரண்டு கோட்டோடு அது முன்பக்கத்தில் எங்கேயோ இருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எறும்பு என்றும் மூணு என்றும் ஆயிரம் பேரிடம் பொய் சொன்ன வாய் அது. அதற்குப் பழக்கமானதைத்தான் அது சொன்னது.

"சரியாத்தான் சார் பண்ணினீங்க."

அவர் தலையை ஆட்டினார். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் அப்புறம் கேட்டேன், அந்த முக்கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்தன, முன்னால் வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, இருந்தும் இருக்கலாம் என்றார். முதல் பாதியை நினைத்துக்கொண்டு தூங்கப் போவேன். இரண்டாம் பாதி எழுப்பிவிடும்.

க்ரீம் இப்போது எங்கள் எமர்ஜென்சியிலேயே இருக்கிறது. கீமோ எடுக்கிறவர்கள் வீட்டுக்குப் போகும்போது கொடுத்தனுப்புகிறோம். டப்பாவின் மேல் என் கோழிக் கிறுக்கலில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'தடவியவுடன் கிளம்பவும். ஊறாவிட்டால் பரவாயில்லை. ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம்.' கொடுக்கும்போது வாயாலும் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுக்கொள்கிறேன். க்ரீமுக்கு நேரமில்லாதவர்களிடம் எறும்பு என்று சொல்வதில்லை, வலிக்கும் என்றே சொல்லிவிடுகிறேன். எண்ணுவது அவர்கள். மூணு வரும்வரை என் கை அசையாது. இவ்வளவு ஸ்லோவான நர்ஸை நான் பார்த்ததில்லை அண்ணா என்று போன வாரம் ஒரு பொத்தேரிப் பையன் சொன்னான்.

டீச்சர் அன்றைக்குச் சொன்ன 'வலிக்கல' மட்டும்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. க்ரீம் நன்றாக வேலை செய்திருந்தது, முக்கால் மணி நேரம் முழுசாக ஊறியிருந்தது, ஊசியும் சுத்தமாகப் போனது. அதனால் வலிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் மயங்கிக் கிடந்தபோது எனக்குப் போட்டார்களே ஒரு தடுப்பூசி, அதுவும்தான் வலிக்கவில்லை.